நாலு பேர் சிரிப்பு
(பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பள்ளிக்கு மட்டம் போடுகிற பிள்ளைக்குப் படிப்பில் வெறுப்பு என்றே எண்ணுகிறோம். பலவேளை அது உண்மையன்று. "தைரியமிருந்தா மதிலேறிக் குதிடா!" என்கிறான் ஒருவன், நாலு பேர் சிரிக்கிறார்கள். வீட்டில் விழும் அடியைவிட அந்தச் சிரிப்புக்கே பையன் அஞ்சுகிறான்.

புனித அகுஸ்தீனார் 16 வயதில் தோழர்களோடு சேர்ந்து இரவில் பேரிக்காய் திருடினார். பசியாலன்று, அதைவிட நல்ல பழம் அவரிடமே இருந்தது. தனியாயிருந்தால் செய்திருக்க மாட்டேன் என்று பிற்காலத்தில் எழுதிவைத்தார். 2005-இல் அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கார் ஓட்டும் கணினி விளையாட்டொன்றை வைத்துச் சோதித்தார்கள். தோழர்கள் பார்த்திருக்கையில், 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் தனியே ஆடியதைவிட மிகுதியாக ஆபத்தில் துணிந்தனர். 24 வயதைக் கடந்தவர்களிடம் அந்த மாற்றமில்லை!

ஆகவே ஊரறியத் திட்டாதீர்கள். திட்டினால் அந்தக் கூட்டத்திடமே திரும்ப ஓடுவான். தனியே அழைத்து, யார் சிரித்தார்கள் என்று கேளுங்கள். தப்பிக்க ஒரு சாக்கும் கொடுங்கள். "எங்கப்பா வாராவாரம் வாத்தியாரைப் பாத்து விசாரிக்கிறாருடா, நான் வரலே" என்று பழியை உங்கள்மேல் போடட்டும். அதற்கு வாராவாரம் பள்ளி வாசலில் நீங்கள் தலைகாட்ட வேண்டியிருக்கும். அது உங்கள் பாடு.