பெட்டியை மாற்றுவதற்கு முன்

(காலாண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், சங்க ஆவணங்களைப் பராமரித்துவரும் உறுப்பினரும் ஓய்வுபெற்ற வங்கி எழுத்தருமான நம் நண்பர் பேசியது. வர இயலாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் முழுமையாக வெளியிடுகிறோம்.)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் நான்காவதாக, "புதிய சேமிப்புப் பெட்டி வாங்க ரூ.38,000 ஒப்புதல்" என்று இருக்கிறது. அந்தத் தீர்மானம் வேண்டாம் என்று சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன். போன கூட்டத்தில் பதினைந்து நாள் அவகாசம் கேட்டேன், கொடுத்தீர்கள். அந்தப் பதினைந்து நாளின் கணக்கை ஒப்படைக்கிறேன்.

புதிய உறுப்பினர்களுக்காக இரண்டு வார்த்தை. நான்கு வருஷத்துக்கு முன் சங்கப் பீரோவில் கரையான் ஏறியது நினைவிருக்கும். அதன்பிறகு மனைப்பிரிவு வரைபடம், பூங்கா இடத்தின் தானப் பத்திரம், கூட்டக் குறிப்புகள், உறுப்பினர்கள் விரும்பிக் கொடுத்த வீட்டு வரைபட அனுமதி நகல்கள், வரி ரசீதுகள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தோம். வீட்டு உபயோகத்துக்கென்று விற்கும், இரண்டு ஹார்ட் டிஸ்க் கொண்ட சிறிய பெட்டி ஒன்றில் போட்டு என் வீட்டில் வைத்தோம். என் காம்பவுண்டுக்குள் இருக்கும் சங்க அறைக்கு முற்றத்தின் குறுக்கே கேபிள் போட்டோம். அங்கிருக்கும் கம்ப்யூட்டரில் பொது ஃபோல்டரைத் திறந்தால் வேண்டிய நகல் வரும். ஏற்பாடு அவ்வளவுதான்.

ஆறு மாதமாக அந்த ஃபோல்டர் திறப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது என்று புகார். கொஞ்சம் எரிச்சல்தானே என்று நானும் அலட்சியமாகத்தான் இருந்தேன். ஒரு நாள் காலையில் மூன்றாம் தெரு அம்மா ஒருவர் வந்தார். கணவர் காலமாகி ஒரு வருஷம். வீட்டுக் கடன் சம்பந்தமாக, அவர் கொடுத்து வைத்திருந்த வரைபட அனுமதி நகல் வேண்டும். நான் ஃபோல்டரைத் திறந்தேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு "தொடர்புகொள்ள இயலவில்லை" என்று வந்தது. அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்: "அண்ணாச்சி, எங்க வீட்டுப் பேப்பர் போயிருச்சா?"

போகவில்லை. இரண்டாம் முறை திறந்தபோது இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். ஆனால் அவர் முகம் எனக்கு மறக்கவில்லை. நம்மை நம்பிக் கொடுத்த காகிதம். "இருக்கா, இல்லையா" என்று ஒரு நிமிஷம் தவிக்க விடுவதும் தப்புதான்.

பொருளாளர், "பெட்டி பழசாப் போச்சு அண்ணாச்சி, மாத்திருவோம்" என்றார். கடைக்காரர் ஒருவரும் வந்து பார்த்து அதையே சொன்னார். அவர் பார்த்தது ஐந்து நிமிஷம்.

எனக்குக் கம்ப்யூட்டர் படிப்பு கிடையாது. நான் பி.காம். ஆனால் வங்கியில் லெட்ஜர் எழுதிய காலத்திலிருந்தே ஒரு பாடம் கையில் இருக்கிறது. சி. ரங்கராஜன் குழு 1984இல் வங்கிகளில் கம்ப்யூட்டரைக் கொண்டுவரச் சொல்லி அறிக்கை கொடுத்தது. எங்கள் கிளைக்கு மெஷின் வந்து சேரச் சில வருஷம் ஆயிற்று. அதுவரை பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் ராத்திரி ஒன்பது மணிவரை உட்கார்ந்து தேடுவோம். மொத்த லெட்ஜரையும் முதலிலிருந்து புரட்டமாட்டோம். வித்தியாசம் 9 ஆல் வகுபட்டால், 54ஐ 45 என்று மாற்றிப் போட்டிருக்கலாம். சரிபாதி செய்த தொகைக்கு ஒரு பதிவு இருந்தால், பற்றில் போக வேண்டியது வரவில் போயிருக்கலாம். முதலில் வித்தியாசம் எவ்வளவு, எந்தப் பக்கம் என்று பார்ப்போம். தலைமை எழுத்தர் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்வார்: ஒரே நேரத்தில் இரண்டு திருத்தம் செய்யாதே, எது சரி செய்தது என்று பிறகு தெரியாது.

அதையே இங்கும் செய்தேன். ஒரு நோட்டு, ஒரு கைக்கடிகாரம்.

முதலில் புகாரை இரண்டாகப் பிரித்தேன். ஃபோல்டர் திறக்க ஆகும் நேரம் ஒன்று. திறந்தபின் கோப்பு வந்து சேர ஆகும் நேரம் இன்னொன்று. இரண்டையும் சேர்த்து "ஸ்லோ" என்று சொல்லிவிடுகிறோம். காரணங்கள் வேறு வேறு.

திறக்கும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். பெட்டியைப் பெயர் சொல்லியும் கூப்பிடலாம், 192.168.1.50 என்பது போன்ற எண்ணைச் சொல்லியும் கூப்பிடலாம். ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு அளந்தேன். பெட்டி விழித்திருக்கும்போது எண்ணைச் சொன்னால் 1 வினாடி. பெயரைச் சொன்னால் 23. காலையில் முதன்முதலாக எண்ணைச் சொன்னால் 21. பெயரைச் சொன்னால் 43. கழித்துப் பாருங்கள். பெயருக்கு 22, தூக்கத்துக்கு 20, உண்மையான வேலைக்கு 1. கூட்டினால் 43. கணக்கு டேலி ஆகிவிட்டது. பெட்டி பழசு என்பதற்கு அதில் ஒரு வினாடியும் இல்லை.

அந்த 20 வினாடி முழுக்க என் தப்பு. மின்சாரம் மிச்சம் பிடிக்கலாம் என்று, பத்து நிமிஷம் யாரும் தொடாவிட்டால் ஹார்ட் டிஸ்க் சுழல்வதை நிறுத்தும்படி நான்தான் அமைத்திருந்தேன். நின்ற டிஸ்க் மறுபடி முழு வேகத்துக்கு வரச் சுமார் பத்து வினாடி. நம்முடையது ஒன்றை எழுப்பிவிட்டுத்தான் அடுத்ததை எழுப்புகிறது. பெட்டியில் காதை வைத்தால் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தம் கேட்கும். மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். இரண்டு டிஸ்க்கும் சும்மா சுழலச் சுமார் 10 வாட் என்று வைத்தால், இரவுபகல் ஓடினாலும் மாதத்துக்கு ஏழு யூனிட்தான். அதற்காக அடிக்கடி நிறுத்தி எழுப்புவது டிஸ்க்குக்கும் நல்லதில்லை. இப்போது தூங்கும் அவகாசத்தை மூன்று மணி நேரமாக்கி, காலை எட்டு மணிக்குத் தானாக விழிக்கும்படி வைத்திருக்கிறேன்.

அடுத்து, பெயருக்கான 22 வினாடி. போன வருஷம் ரௌட்டரை மாற்றினோம். ரௌட்டர்தான் ஒவ்வொரு கருவிக்கும் எண் கொடுக்கிறது. நடுவில் பெட்டிக்கு வேறு எண் கொடுத்துவிட்டது, ஆனால் பழைய எண்ணையும் அதே பெயரில் குறித்து வைத்திருந்தது. கம்ப்யூட்டர் பெயரைக் கேட்டதும், முதலில் ஆளில்லாத பழைய விலாசத்துக்குப் போய்க் கதவைத் தட்டி, பதில் வராதா என்று காத்திருந்து, அலுத்துப்போய்த்தான் புது விலாசத்துக்கு வந்திருக்கிறது. தீர்வு எளிது. பெட்டிக்கு ஒரே எண்ணை நிரந்தரமாக ஒதுக்கும் வசதி ரௌட்டரிலேயே இருக்கிறது. அதைப் போட்டு, ரௌட்டரை ஒருமுறை அணைத்து எழுப்பி, சங்கக் கம்ப்யூட்டரில் எண்ணை வைத்தே குறுக்குவழி உருவாக்கிவிட்டேன்.

இன்னொரு சிறிய பேயும் இருந்தது. பழைய ரௌட்டரில் செருகிய பென்டிரைவ் ஒன்றை "இசட்" டிரைவாக இணைத்து வைத்திருந்தோம். அந்த ரௌட்டரே போய்விட்டது. "திஸ் பிசி"யைத் திறக்கும்போதெல்லாம் கம்ப்யூட்டர் இல்லாத அந்த டிரைவைத் தேடிக்கொண்டு நின்றது. வலது கிளிக், துண்டி. அதோடு சரி.

இனி கோப்பு வந்து சேரும் நேரம். ஆண்டுவிழா வீடியோ 700 எம்.பி. அதைச் சங்க அறைக்கு எடுக்க ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. மடிக்கணினியைப் பெட்டியருகே கொண்டுபோய் ஒரு மீட்டர் கேபிளில் இணைத்தேன். ஏழெட்டு வினாடியில் வந்துவிட்டது. ஆக, பெட்டியும் டிஸ்க்கும் குற்றமற்றவை, கோளாறு வழியில். சங்கக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் விவரத்தில் இணைப்பு வேகம் 1 கிகாபிட் என்று இருக்க வேண்டிய இடத்தில் 100 மெகாபிட் என்று இருந்தது. அதாவது வினாடிக்கு 11, 12 எம்.பி.க்கு மேல் வராது.

ஏன் அப்படி? கேபிளுக்குள் நான்கு ஜோடி, ஆக எட்டுக் கம்பி. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் கருவிகள் சத்தமில்லாமல் கீழ் வேகத்துக்கு இறங்கிக்கொள்ளக்கூடும். வேலை நடக்கும், மெதுவாக நடக்கும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

முற்றத்தைத் தோண்டினோம். நம்ம ஊர் மண்ணைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பும். பங்குனி, சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கும். நம் வீட்டுச் சுவர்களிலேயே அந்தக் கோடு தெரியும். பி.வி.சி. பைப்பை நேராக, இறுக்கமாகப் புதைத்திருந்தோம். கரிசல் இழுத்த இழுப்பில் ஒரு மூட்டு கழன்றுவிட்டது. அந்த இடைவெளியில் எலி புகுந்து கேபிளைக் கடித்திருக்கிறது. இரண்டு கம்பி அறுந்து கிடந்தது. பெட்டி பாவம், அதன்மேல் பழி போட்டோம்.

புதுக் கேபிளை மண்ணில் புதைக்கவில்லை. சுவரை ஒட்டி, பைப்பில், கொஞ்சம் தளர்வாக விட்டு ஏற்றியிருக்கிறோம். அலுமினியத்தின்மேல் தாமிரப் பூச்சுப் பூசியது மலிவாகக் கிடைக்கிறது. அது வேண்டாமென்று முழுத் தாமிரக் கம்பிதான் வாங்கினோம். இடி மின்னல் வரும்போது இரண்டு முனையையும் கழற்றி வைக்கிறோம். செலவு ரூ.1,460. ரசீது பொருளாளரிடம் இருக்கிறது. கம்பி கட்டக் கூட வந்த நாலாம் தெருத் தம்பிக்குக் கூலி ஒரு பாக்கெட் கடலைமிட்டாய். அது என் சொந்தக் கணக்கு.

நேற்றுக் காலை எட்டரை மணிக்கு அளந்தேன். ஃபோல்டர் திறக்க 1 வினாடி. வீடியோ வர 8 வினாடி.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இதற்கிடையில் ஒரு நண்பர் நல்ல மனதோடு, "விண்டோஸில் எஸ்.எம்.பி. 1 என்பதை ஆன் பண்ணுங்க, உடனே திறக்கும்" என்றார். ஃபோல்டரைப் பகிர்ந்துகொள்ள இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசும் மொழிக்குப் பெயர் எஸ்.எம்.பி. அதன் முதல் பதிப்பு 1980களில் பிறந்தது. 2017 மே மாதம் வானாகிரை என்ற வைரஸ் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவி, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டதே, அது புகுந்தது அந்தப் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரிகளே திண்டாடிப் போயின. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். அதே வருஷம் அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்.எம்.பி. 1 இயல்பாக நிறுவப்படுவதில்லை. அடைத்த கதவை நாமே திறக்க வேண்டாம். கடவுச்சொல் இல்லாமல் யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்ற ஏற்பாடும் வேண்டாம். அந்தப் பெட்டியில் இருப்பது உங்கள் வீட்டுப் பத்திரங்கள்.

இன்று பலர் வீட்டில் இப்படி ஒரு பெட்டி இருக்கிறது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். மெதுவானால் அவர்களுக்குப் போன் போடுமுன் நீங்களே பார்க்கக் கூடியது இவ்வளவுதான். திறப்பது தாமதமா, வருவது தாமதமா என்று பிரியுங்கள். முதல் முறை மட்டும் தாமதமென்றால் டிஸ்க் தூங்குகிறது. பெயருக்குத் தாமதம், எண்ணுக்கு உடனே என்றால் விலாசக் கோளாறு. வருவது தாமதமென்றால் பெட்டியருகே குட்டைக் கேபிளில் இணைத்துப் பாருங்கள். அங்கே வேகமாக வந்தால் கேபிளையோ வைஃபையையோ சந்தேகப்படுங்கள். வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் தளர்ந்துவிடும். கல்யாணப் போட்டோ மூவாயிரத்தை ஒரே ஃபோல்டரில் போட்டுவிட்டுத் திறக்க நேரமாகிறது என்று சொல்லாதீர்கள்; வருஷவாரியாகப் பிரியுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பெட்டியில் இரண்டு டிஸ்க் இருப்பதால் இரண்டு பிரதி பத்திரமாக இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அது தப்பு. ஒரு டிஸ்க் கெட்டால் மற்றது காப்பாற்றும், உண்மை. ஆனால் யாராவது கைதவறி ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் அழியும். திருட்டோ தீயோ வந்தால் இரண்டும் ஒன்றாகப் போகும். ஆகவே 38,000க்குப் பதிலாக, தனியாக ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்க மட்டும் ஒப்புதல் கேட்கிறேன். மாதம் ஒருமுறை பிரதி எடுத்து, அது என் வீட்டில் இல்லாமல் செயலாளர் வீட்டில் இருக்கட்டும். எனக்கும் அறுபத்தாறு வயதாகிறது. நோட்டின் ஒரு நகலும் கடவுச்சொல் எழுதி ஒட்டிய உறையும் அந்த டிஸ்க்கோடு இருக்கும். நான் இல்லாத நாளிலும் யார் வந்து கேட்டாலும் அவர்கள் காகிதம் கிடைக்க வேண்டும்.

மூன்றாம் தெரு அம்மா இன்று வந்திருக்கிறார். உங்கள் வீட்டுப் பேப்பர் பத்திரமாக இருக்கிறது அம்மா. கூட்டம் முடிந்ததும் வாருங்கள், திறந்து காட்டுகிறேன்.