திண்ணை வாத்தியாருக்குச் சிலை எங்கே?

நாற்காலி கிடைக்காமல் மணலிலேயே உட்கார்ந்துவிட்ட என் தம்பி தங்கைகளே!

மைக் தம்பி, சத்தத்தைக் குறைக்காதே, கூட்டு. கடலோடு போட்டி போட்டுப் பேசவேண்டிய ஊர் இது. தரங்கம்பாடி அலை யாருக்கும் வழி விடாது. மாசிலாமணிநாதர் கோயிலிலேயே பாதியை வாங்கிக்கொண்ட அலை, என் பேச்சையா விட்டுவைக்கும்?

எனக்கு முன்னால் பேசியவர்கள் சீகன்பால்க் ஐயரைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். அச்சுக்கூடம் ஆயிற்று, புதிய ஏற்பாடு ஆயிற்று, எருசலேம் ஆலயம் ஆயிற்று. எனக்கென்று மிச்சம் வைத்தது அவருடைய அசதி ஒன்றைத்தான். கைதட்டாதீர்கள், நான் நிஜமாகவே அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

1705 நவம்பர் 29-ஆம் தேதி கோபன்ஹேகனில் கப்பல் ஏறுகிறார். 1706 ஜூலை 9-இல் இந்தக் கரைக்கு முன்னால் நங்கூரம் விழுகிறது. வயது 23. மறுநாள் விடிந்தால் 24. பிறந்தநாளுக்கு முந்தின நாள் வந்து சேர்ந்த பிள்ளையை இந்த ஊரில் யார் வரவேற்றார்கள்? கோட்டைக் கமாண்டர் முகம் கொடுத்துப் பேசவில்லை. டென்மார்க் ராஜா அனுப்பிய மிஷனரி, கையில் ராஜாவின் கடிதம். இருந்தும் இரண்டு பேரையும் சந்தைத் திடலில் நிற்கவிட்டுப் போய்விட்டார். ஆமாம், இரண்டு பேர். கூட வந்தவர் புளூட்சோ.

உடம்பாவது தெம்பான உடம்பா? சாக்சனி நாட்டில் புல்ஸ்நிட்ஸ் என்று சின்ன ஊர். சிறு வயதிலேயே தாயும் போய், தகப்பனும் போய்விட்டார். ஹாலே நகரத்தில் படிக்கப் போனவர், உடம்பு ஒத்துக்கொள்ளாமல் படிப்பைப் பாதியில் விட்டவர். நம் ஊர் டாக்டரிடம் காட்டியிருந்தால், ‘இந்தப் பையன் கும்பகோணத்துக்கு பஸ்ஸில்கூடப் போகவேண்டாம்’ என்று சீட்டு எழுதியிருப்பார். அந்த உடம்புதான் ஏழு மாதம் கடலில் கிடந்து இங்கே வந்தது. ஊருக்கு ஒரு கடிதம் போட்டுப் பதில் வர ஒன்றரை வருடம். ‘அக்காவுக்குக் காய்ச்சல்’ என்ற சேதி வந்து சேர்வதற்குள் அக்கா குணமாகி, இன்னொரு காய்ச்சலும் கண்டிருப்பாள்.

இந்த இடத்தில் என் வீட்டுக் கதை ஒன்று சொல்ல வேண்டும். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

என் அக்கா மகன் மலாவியில் மிஷனரியாக இருக்கிறான். ஆப்பிரிக்காவில், ஏரியை ஒட்டிய ஒரு நாடு. 25 வயசுப் பையன். போன புதிதில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். என்னடா சாப்பிட்டாய் என்றால் மக்காச்சோளக் களி. நேற்று? அதேதான். உடம்பு எப்படி இருக்கிறது? நல்லா இருக்கேன் மாமா. அந்த ‘நல்லா இருக்கேன்’ எப்படிப்பட்டது என்று பிள்ளையை வெளியூர் அனுப்பிய தாய்மாருக்குத் தெரியும். ஒரு நாள் அக்காவிடம் என்ன கேட்டான் தெரியுமா? ‘அம்மா, நீ ஒண்ணும் பேச வேண்டாம். போனை அப்படியே அடுப்பங்கரையில வச்சிட்டு உன் வேலையைப் பாரு’ என்றான். அக்காவும் வைத்தாள். நமக்குப் பகல் 12 மணி என்றால் அவனுக்குக் காலை எட்டரை. குக்கர் விசில், தேங்காய் துருவுகிற சத்தம், பக்கத்து வீட்டில் தண்ணீர்க் குழாய்ச் சண்டை, எல்லாவற்றையும் முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். அழுதானா என்று அக்கா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சரி, அது இருக்கட்டும். காதுக்கு வந்த பசியை என்ன செய்வது? சீகன்பால்குக்கு போன் கிடையாது, குக்கர் கிடையாது. என்ன செய்தார்?

இங்கேதான் என் கதாநாயகன் வருகிறார். திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர். எழுபது வயது. அவரைக் கெஞ்சிக் கேட்டு, பள்ளிக்கூடத்தையே தன் வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார் ஐயர். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் ‘அ’ எழுத, பல்கலைக்கழகம் பார்த்த இந்த வெள்ளைக்காரரும் அவர்களோடு உட்கார்ந்து மணலில் விரல் வைத்து ‘அ’ எழுதினார். ஆறு வயசுப் பிள்ளை எழுதி முடித்து அழித்துவிட்டு ‘ஆ’வுக்குப் போயிருக்கும். இவர் இன்னும் ‘அ’வின் சுழியிலேயே நின்றிருப்பார். பிள்ளைகள் சிரித்திருக்கும். வாத்தியார் அதட்டியிருப்பார். பிள்ளைகளையா ஐயரையா, எனக்குத் தெரியாது. நான் அங்கே இருந்திருந்தால் ஐயரைத்தான் அதட்டியிருப்பேன்.

இப்போது தட்டுங்கள். வாத்தியாருக்காகத் தட்டுங்கள்.

எட்டு மாதத்தில் பேச வந்துவிட்டது என்கிறார்கள். சும்மா வரவில்லை. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டு வரை தமிழ் ஏடுதான். இரவில் விளக்கு வெளிச்சத்தில் கண் எரிகிறது என்று, யாரையாவது பக்கத்தில் உட்கார்த்தி வாசிக்கச் சொல்லிக் கேட்பார். கண்ணுக்கு ஓய்வு, காதுக்குத் தமிழ். வந்து இரண்டே வருடத்தில், 1708-இல், 119 தமிழ் நூல்களுக்குப் பட்டியல் எழுதிவிட்டார். கொன்றை வேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்துவிட்டார். உங்கள் வீட்டில் 119 வேண்டாம், ஒன்பது தமிழ்ப் புத்தகம் இருக்கிறதா? ரேஷன் கார்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது!

அதே 1708 கடைசியில் என்ன நடந்தது? ஒரு ஏழை விதவையின் வழக்கில் தலையிட்டார் என்று, அதோ தெரிகிறதே, அந்த டேனிஷ் கோட்டைக்குள் பிடித்துப் போட்டார்கள். நான்கு மாதம். எழுத மையும் தரவில்லை, தாளும் தரவில்லை. பூட்டியது யார்? தமிழனா? இல்லை. கடல் தாண்டி அதே திசையிலிருந்து வந்தவர்கள். அவருக்கு வந்த பெரிய காயமெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்துதான். 1713-இல் நம் தெய்வங்களைப் பற்றி இத்தனை பெரிய நூல் எழுதி அனுப்பினார். ‘உன்னை அனுப்பியது அதை ஒழிக்க, எழுதிப் பரப்புவதற்கு இல்லை’ என்கிற மாதிரி ஓரமாக வைத்துவிட்டார்கள். 1867-இல்தான் சென்னையில் அச்சானது. கணக்குப் போடுங்கள், 154 வருடம்! கடைசியில், உடம்பு விழுந்து கிடக்கிற நேரத்தில், கோபன்ஹேகனிலிருந்து கடிதத்துக்கு மேல் கடிதம். கட்டிடம் எதற்கு, இவ்வளவு செலவு எதற்கு என்று. கடிதம் வராதா என்று கரையைப் பார்த்து நின்றவருக்கு வந்த கடிதம் இது. 1719 பிப்ரவரி 23-இல் கண்ணை மூடினார். வயது 36.

வெயிலில் நின்றவனுக்கு நாற்காலியில் இருந்தவன் புத்தி சொன்ன கதை. அந்த நாற்காலி இருக்கிறதே, அது இன்னும் உடையவில்லை ஐயா! அது எங்கே இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். இந்த விழாவுக்கு மூன்று முறை கமிட்டி கூடியது. மூன்று முறையும் பேச்சு ஒன்றுதான்: மேடையில் யாருக்கு மெத்தை நாற்காலி, யாருக்கு பிளாஸ்டிக் நாற்காலி. நான் எழுந்து, வெளிநாட்டில் ஊழியம் செய்கிற நம் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு கடிதமாவது இந்தக் கமிட்டி போடலாமே என்றேன். ‘தபால் செலவு எந்தக் கணக்கில் வரும்’ என்று கேட்டார் ஒரு பெரியவர். சிரிக்காதீர்கள், அவர் இங்கேதான் இருக்கிறார். மெத்தை நாற்காலியில்!

துண்டுச்சீட்டு வந்துவிட்டது. ‘சுருக்கவும்’. அதே பெரியவரின் கையெழுத்து.

சுருக்குகிறேன். ஐயருக்கு இந்த ஊரில் சிலை இருக்கிறது, வேண்டியதுதான். அந்த எழுபது வயதுக் கிழவருக்கு ஒரு கல் இருக்கிறதா? ஒரு சந்துக்காவது அவர் நினைவாகப் பெயர் வைத்தோமா? வெள்ளைக்காரன் வீட்டுக்குள் பள்ளிக்கூடத்தைக் கொண்டுபோனவரை இந்த ஊர் என்னென்ன சொல்லியிருக்கும்! அவர் மட்டும் அன்று மாட்டேன் என்றிருந்தால், ஐயர் அடுத்த கப்பலில் புல்ஸ்நிட்ஸுக்குத் திரும்பியிருப்பார் என்று நான் சொல்வேன். மறுக்கிறவர்கள் மேடைக்கு வரட்டும். வர மாட்டார்கள், நாற்காலியைப் பிறகு யார் பார்த்துக்கொள்வது?

போன ஞாயிற்றுக்கிழமை மலாவியிலிருந்து போன் வந்தது. அவன் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறாளாம். சாயங்காலம் அவள் வாசலில் உட்கார்ந்து அவர்கள் ஊர்ச் சிச்சேவா மொழியில் பழமொழி படிக்கிறானாம். இவன் வாயைத் திறந்தாலே சுற்றி நிற்கிற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறதாம். அக்கா வழக்கம்போல போனை அடுப்படியில் வைத்தாள். ‘அம்மா, வைக்கிறேன், பிள்ளைங்க வாசல்ல நிக்குது’ என்று வைத்துவிட்டான். அக்காவுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ‘குக்கர்ல மூணு விசில்கூட முழுசா வரலடா தம்பி’ என்கிறாள்.