ரெட் ஹெர்ரிங்

ஹெர்ரிங் ஒரு கடல் மீன். உப்பிட்டுப் புகை போட்டால் அது சிவக்கும், வாடையும் கடுமையாகும். முயலைத் துரத்திய வேட்டை நாய்களைச் சிறுவயதில் இந்த மீன் வாடையால் திசைதிருப்பியதாக, இங்கிலாந்துப் பத்திரிகையாளர் வில்லியம் காபெட் 1807இல் எழுதினார். நெப்போலியன் தோற்றான் என்ற பொய்ச் செய்தியின் பின்னே ஓடி, உள்நாட்டுப் பிரச்சினைகளை மறந்த பத்திரிகைகளைச் சாடவே அக்கதையைச் சொன்னார். திசைதிருப்பும் பேச்சுக்கு 'ரெட் ஹெர்ரிங்' என்ற பெயர் அதனால் பரவியது.

சம்பளத்தில் ஏன் இந்தப் பிடித்தம் என்று கேட்கிறோம். "உன் மகன் ஆபீஸ் கண்ணாடியில் பந்தடித்தானே?" என்கிறார் கிராணியார். அது வேறு கணக்கு. கோபப்படாதீர்கள், கேட்ட கேள்வியையே மறுபடியும் கேளுங்கள். மீன் வாடை எவ்வளவு அடித்தாலும், நம் கண் முயல் மேலேயே இருக்கட்டும்.