படிப்பதா, உருப்போடுவதா?

(போத்தனூரில் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையில் இருக்கிற நம் பிள்ளைகளுக்கு வாசிப்பையும் இலக்கியத்தையும் எப்படிக் கற்பிக்க வேண்டும் என்பது பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். இது வாத்தியார்களுடைய சங்கதியாயிற்றே, கடவுள், மதம், ஜாதி என்று பேசுகிற சுயமரியாதைக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நம் வேலைகளிலெல்லாம் முதல் வேலை இதுதான் என்பது என் அபிப்பிராயம். எவன் தானே படித்துத் தானே பொருள் தெரிந்துகொள்ள முடியாதவனாய் இருக்கிறானோ, அவன் பிறத்தியார் சொல்லுகிற பொருளைத்தான் நம்பித் தீரவேண்டும். "சாஸ்திரத்தில் அப்படி எழுதியிருக்கிறது" என்கிற ஒரு பேச்சை வைத்துக்கொண்டு நம்மை இத்தனை காலம் அடக்கியாண்டதெல்லாம், அந்தச் சாஸ்திரத்தை நாம் தொட்டுப் படிக்கக்கூடாது என்று வைத்திருந்ததனால்தானே?

உருப்போடுவது படிப்பாகுமா?

திவசத்தன்று நடப்பதைப் பாருங்கள். புரோகிதர் சொல்லுகிற மந்திரத்திற்குப் பொருள் பெரும்பாலும் அவருக்கும் தெரியாது. அதைத் திருப்பிச் சொல்லுகிற நமக்கும் தெரியாது. தட்சிணை எவ்வளவு என்பது மாத்திரம் இருவருக்கும் நன்றாய்த் தெரியும்! இதைக் கண்டு சிரிக்கிற நாம், நம் பிள்ளை செய்யுளைப் பொருள் தெரியாமல் கடகடவென்று ஒப்பித்தால், "என் கண்ணு எப்படிப் படிக்கிறது பார்" என்று பூரித்துப் போகிறோமே, இது என்ன நியாயம்? அங்கே தட்சிணை, இங்கே மதிப்பெண். வேறு என்ன வித்தியாசம்?

அக்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்திலும் இதுதான் நடந்தது. ஆத்திசூடி, நிகண்டு, எண்சுவடி எல்லாம் தலைகீழாக ஒப்பிக்க வேண்டும், தவறினால் பிரம்பு. ஆனாலும் அதில் நல்லதும் இருந்தது. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்ட ஆண்ட்ரூ பெல் என்கிற பாதிரியார், சென்னையில் தாம் நடத்திய அநாதைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அதைக் கையாண்டதோடு, தெரிந்த பிள்ளையைக் கொண்டு தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்தார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாகவும் போட்டார். சீமையில் அதற்கு "மதராஸ் முறை" என்றே பேர் வந்தது. பழசு என்பதற்காகத் தள்ளவும் வேண்டாம், கொள்ளவும் வேண்டாம். பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுப்பதை வைத்துக்கொள்ளுவோம். பிரம்பையும் குருட்டு உருவையும் விட்டுவிடுவோம்.

இன்றைய நிலைமை

2022-ல் "ஏசர்" என்கிற கணக்கெடுப்புக்காரர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் வீடு வீடாய்ப் போய்ப் பார்த்ததில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கக்கூடியவர்கள் நூற்றுக்குச் சுமார் 25 பேர்தான். 2018-ல் சுமார் 40 பேர் படித்தார்கள். நடுவில் கொரோனா வந்து பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தது இந்தச் சரிவுக்கு ஒரு காரணம். ஆனால் அதற்கு முன்பும் நூற்றுக்கு 60 பேர் படிக்க முடியாமல்தானே இருந்தார்கள்? அந்தப் பிள்ளைகள்தான் பிறகு ஆறாவதும் ஏழாவதும் வந்தார்கள். அங்கே வாத்தியார் யாப்பும் அணியும் நடத்துகிறார். பிள்ளையோ எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறான்.

எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கு, வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் முதற்சொல் மறந்து போகிறது. பிறகு பொருள் எங்கே விளங்கும்? அவனை "மண்டு" என்று திட்டுவதால் பிரயோஜனமில்லை. அவனால் முடிகிற அளவில், அவனுக்கு ருசிக்கிற சிறு புத்தகங்களை நிறையக் கொடுத்தால் வேகம் வரும். வேகம் வந்தால் பொருள் வரும். பள்ளிக் கல்வித்துறை வாசிப்பு இயக்கம் என்று வைத்து, நுழை, நட, ஓடு, பற என்கிற நான்கு படிகளில் சிறு கதைப் புத்தகங்கள் போட்டது இந்த நியாயத்தின் பேரில்தான். அவை பீரோவில் பூட்டி வைப்பதற்கு அல்ல. பிள்ளை கையில் கசங்குவதற்கு!

பிள்ளையின் பாரத்தைக் குறைப்பது நம் இயக்கத்திற்குப் புதிதல்ல. ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகளுக்குத் தனித்தனி வடிவம் இருந்ததை மாற்றி, 1935-ல் "குடி அரசு" சீர்திருத்த எழுத்தில் வெளிவந்தது. அப்பொழுது பண்டிதர்கள் சிரித்தார்கள். 1978-ல் சர்க்காரே அதை ஏற்றது. இன்று எல்லாப் பிள்ளைகளும் அதில்தான் படிக்கிறார்கள்.

இலக்கியம் பூசைக்கல்ல

2016-ல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்ன தீர்ப்பின் பேரில், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 1050 குறள்களைக் கற்பிக்க ஏற்பாடாயிற்று. சந்தோஷம். ஆனால் 1050-ஐயும் உருப்போட வைத்தால் அது இன்னொரு சகஸ்ரநாமம்தான்! 1949-ல் சென்னையில் திருக்குறள் மாநாடு கூட்டிய பெரியாரே, குறளிலும் அறிவுக்கு ஒவ்வாதது இருந்தால் தள்ளிவிடலாம் என்றுதான் சொன்னார்.

கணவனைத் தெய்வமாகத் தொழுகிற மனைவியைப் புகழும் குறளைப் படித்துவிட்டு ஒரு சிறுமி எழுந்து, "ஐயா, கணவன் ஏன் மனைவியைத் தொழக்கூடாது? மழைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டால், வாத்தியார் "உட்கார்" என்று அதட்டலாமா? அந்தப் பெண் ஒருத்திதான் அன்றைக்கு அந்த வகுப்பில் உண்மையாகவே படித்தவள்! எழுதிய காலம் எப்படிப்பட்டது, உரையாசிரியர்கள் எப்படிப் பொருள் சொன்னார்கள், இன்று நமக்கு அதில் எது ஆகும், எது ஆகாது என்று பிள்ளைகளை இரண்டு பக்கமும் பேசவிட வேண்டும். காரணம் சொன்னவனுக்கு மதிப்பெண் கொடுக்க வேண்டும். அப்பொழுதுதான் அது இலக்கியப் பாடம்.

நாம் செய்ய வேண்டியது

இந்த வட்டாரத்தில் ரயில்வே வேலைக்கும் மில் வேலைக்கும் பட்டறை வேலைக்கும் போகிறவர்கள் வீட்டில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு; மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்தி பேசுகிறவர்களும் உண்டு. பல பிள்ளைகளுக்குப் புத்தகத் தமிழ் அந்நிய பாஷை மாதிரி. எனவே வாத்தியார் தலையில் மாத்திரம் போட்டால் காரியம் ஆகாது. படிக்கத் தெரியாத தாயும் ஒரு பரீட்சை வைக்கலாம்: வாத்தியார் இன்னும் நடத்தாத ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லி, புத்தகத்தை மூடச் செய்து, "என்ன கதை, உன் வாயால் சொல் அம்மிணி" என்று கேளுங்கள். சொன்னால் படிப்பு, விழித்தால் உரு.

நம் தோழர்கள் ஒரு காலத்தில் படிப்பகம் திறந்து, ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் கேட்டு விவாதித்தார்கள். அந்தப் படிப்பகங்களை மாலையில் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். நோம்பிக்கு வசூலிக்கிற பணத்தில் வாணத்திற்குப் போகிற பங்கைப் புத்தகத்திற்குக் கொடுங்கள்.

செய்யாவிட்டால் என்ன ஆகும்? கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போடுவான். "இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும்" என்று செல்போனில் வருவதை நம்பி அனுப்பிக்கொண்டிருப்பான். எழுத்துத் தெரிந்தும் அவன் அடிமைதான்.

தோழர்களே! நான் சொன்னதையும் உருப்போடாதீர்கள். வீட்டிற்குப் போய் உங்கள் பிள்ளையைப் பரீட்சித்துப் பார்த்து, உங்கள் அறிவுக்குச் சரி என்று பட்டால் மாத்திரம் செய்யுங்கள்.