செல்லப்பிராணிக் காப்புறுதி: நிறுவனம் கொடுப்பது எவ்வளவு, கையிலிருந்து போவது எவ்வளவு?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



காருக்குக் காப்புறுதி எடுக்கும்போது "எக்ஸெஸ் எவ்வளவு?" என்று கேட்காதவர் சிங்கப்பூரில் அரிது. விபத்து நடந்தால் முதல் சில நூறு வெள்ளி சொந்தக் கையிலிருந்து போகும், அதற்கு மேல்தான் நிறுவனம் கொடுக்கும் என்பது வாகனம் வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் அதே மனிதர் வீட்டு நாய்க்கோ பூனைக்கோ காப்புறுதி எடுக்கும்போது, மாதச் சந்தா எவ்வளவு என்பதோடு கேள்வியை முடித்துக்கொள்கிறார். மற்றதெல்லாம் விலங்கு மருந்தகத்தின் கட்டண முகப்பில்தான் அவருக்குத் தெரியவருகிறது. அந்த நேரத்தில் உள்ளே மேசைமேல் நாய் மயக்க மருந்தில் கிடக்கும்.

நாய்க்கும் பூனைக்கும் காப்புறுதியா என்று சிரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இது ஒன்றும் நேற்று முளைத்த பழக்கமல்ல. சுவீடனில் 1924ஆம் ஆண்டிலேயே நாய்க்குக் காப்புறுதி எழுதப்பட்டது. பிரிட்டனுக்கு அது 1947இல் வந்தது. அமெரிக்காவில் 1982இல் முதல் காப்புறுதி பெற்றது தொலைக்காட்சியில் லாசியாக நடித்த நாய். பிரிட்டிஷ் நிறுவனங்கள் 2023ஆம் ஆண்டில் மட்டும் செல்லப்பிராணிகளுக்காக 100 கோடி பவுண்டுக்கு மேல் இழப்பீடு கொடுத்திருக்கின்றன. சிங்கப்பூரில் இந்தச் சந்தை சிறியதுதான். ஆனாலும் வளர்கிறது. 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி முதல் வீவக வீடுகளில் உரிமம் பெற்று இரண்டு பூனைகள் வரை வளர்க்க அனுமதி வந்தது. அதற்கு முன் வீவக வீடுகளில் பூனையே இல்லையா என்று கேட்கக்கூடாது; இருந்தன, வளர்த்தவர்கள் வெளியே சொல்லாமல் இருந்தார்கள். இப்போது மைக்ரோசிப்பும் உரிமமும் வந்துவிட்டதால் காப்புறுதி விண்ணப்பத்தையும் தைரியமாக நிரப்பலாம்.

மனிதருக்கு நோய் வந்தால் மெடிசேவ் இருக்கிறது, மெடிஷீல்டு லைஃப் இருக்கிறது, பலதுறை மருந்தகத்தில் கட்டணச் சலுகை இருக்கிறது. நாய்க்காக மெடிசேவ் பணத்தில் ஒரு காசு எடுக்க முடியாது. எலும்பு முறிவு, குடலில் சிக்கிய பொருளை எடுக்கும் அறுவை சிகிச்சை, சிறுநீரகக் கோளாறு என்று வந்துவிட்டால் ரசீது ஆயிரக்கணக்கில் ஏறும். மருத்துவர் சொல்லும் சிகிச்சைக்குப் பணம் இல்லாமல், பிழைக்கக்கூடிய பிராணியை ஊசி போட்டு அனுப்பிவைக்க ஒப்புக்கொள்ளும் குடும்பங்கள் எல்லா நாட்டிலும் உண்டு. மருந்தகத்தில் வேலை செய்பவர்களுக்கு அந்தக் காட்சி புதிதல்ல. காப்புறுதியின் உண்மையான பயன் அந்த ஒரு முடிவைத் தள்ளிவைப்பதில் இருக்கிறது. காது வலிக்கும் பூச்சி மருந்துக்கும் வாங்கப்படுவதல்ல அது.

முதல் தடுமாற்றம் கட்டண முகப்பில் வருகிறது. "என்னிடம் காப்புறுதி இருக்கிறது" என்று வயதான அம்மா ஒருவர் அட்டையை நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். முகப்பிலிருக்கும் பெண், "ஆன்டி, முழுத் தொகையையும் இப்போது நீங்கள் கட்டிவிடுங்கள். ரசீதை அனுப்பி அவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார். ஆன்டிக்கு முகம் வாடிவிடுகிறது. மனிதர்களின் மருத்துவமனை போலக் காப்புறுதி நிறுவனமே நேரடியாகக் கட்டிவிடும் என்று அவர் நம்பியிருந்தார். பெரும்பாலான செல்லப்பிராணித் திட்டங்கள் அப்படி இயங்குவதில்லை. உரிமையாளர் முதலில் கட்டுகிறார், பிறகு பெறுகிறார். ஆகவே, காப்புறுதி வைத்திருப்பவருக்கும் ஓரளவு கைப்பணமோ கடன் அட்டையில் இடமோ இருக்க வேண்டும்.

இனி எக்ஸெஸ். காப்புறுதி நிறுவனம் பணம் கொடுக்கத் தொடங்குவதற்கு முன் உரிமையாளர் சொந்தமாக ஏற்கவேண்டிய தொகை அது. சில பத்திரங்களில் 'டிடக்டிபிள்' என்று எழுதியிருக்கும். இதோடு 'கோ-இன்ஷூரன்ஸ்' அல்லது 'கோ-பேமென்ட்' என்று இன்னொன்று வரும். அது மொத்தச் செலவில் உரிமையாளர் ஏற்கும் விழுக்காடு. மெடிஷீல்டு லைஃப் திட்டத்திலும் இந்த இரண்டும் இருப்பதால் வாசகர்களுக்கு இது புதிய கணக்கல்ல. புதியதாக இருப்பது, எதை முதலில் கழிப்பது என்ற வரிசை.

ரசீது 3,000 வெள்ளி. எக்ஸெஸ் 250 வெள்ளி. உரிமையாளர் பங்கு 20 விழுக்காடு. முதலில் எக்ஸெஸைக் கழித்தால் 2,750 மிஞ்சும். அதில் 20 விழுக்காடு 550. நிறுவனம் 2,200 வெள்ளி கொடுக்கும். வரிசையை மாற்றி, முதலில் 20 விழுக்காட்டைக் கழித்தால் 2,400 மிஞ்சும். பிறகு 250 போனால் கையில் வருவது 2,150. வித்தியாசம் வெறும் 50 வெள்ளி. இதற்காகவா இவ்வளவு பேச்சு என்று தோன்றலாம்.

உச்சவரம்பு நடுவில் வரும்போதுதான் பேச்சுக்கு அர்த்தம் வருகிறது. அதே பத்திரத்தில், ஓர் அறுவை சிகிச்சைக்கு அதிகபட்சம் 1,500 வெள்ளி என்று ஒரு வரி இருக்கிறது என்று கொள்ளுங்கள். கழிக்கவேண்டியதைக் கழித்த பிறகு வரம்பைப் பார்க்கும் நிறுவனம் முழு 1,500 வெள்ளியைக் கொடுக்கும். வரம்பை முதலில் போட்டு, அந்த 1,500இலிருந்து 250ஐக் கழித்து, மீதி 1,250இல் 20 விழுக்காட்டையும் கழிக்கும் நிறுவனம் 1,000 வெள்ளிதான் கொடுக்கும். ரசீது ஒன்றுதான், எக்ஸெஸும் ஒன்றுதான். ஒருவர் 1,500 வெள்ளி கையிலிருந்து போட்டார், மற்றவர் 2,000 போட்டார். விளம்பரத் தாளில் இரண்டு திட்டங்களும் ஒரே மாதிரிதான் தெரியும். வாங்குவதற்கு முன் முகவரிடம் ஒரு கற்பனை ரசீதைக் கொடுத்து, "இதற்கு எவ்வளவு கிடைக்கும், கணக்குப் போட்டு எழுத்தில் அனுப்புங்கள்" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கணக்குப் போட்டுக் காட்டத் தயங்கும் முகவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

அடுத்தது, எக்ஸெஸ் எத்தனை முறை பிடிக்கப்படும் என்பது. ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கும்போதும் பிடிக்கும் திட்டம் உண்டு. ஒரு நோய்க்கு ஓராண்டில் ஒரு தடவை மட்டும் பிடிக்கும் திட்டமும் உண்டு. தோல் அரிப்பு இந்த ஊர் வெயிலிலும் ஈரத்திலும் நாய்களுக்குச் சாதாரணமாக வருவது. ஒருமுறை வந்தால் லேசில் போகாது. ஆண்டில் 6 தடவை மருந்தகம் போய், ஒவ்வொரு தடவையும் 220 வெள்ளி ஆனால் மொத்தம் 1,320. எக்ஸெஸ் 150 வெள்ளி, முறைக்கு ஒன்றாகப் பிடிக்கப்பட்டால் திரும்பக் கிடைப்பது 420 வெள்ளிதான். ஆண்டுக்கு ஒன்றாகப் பிடிக்கப்பட்டால் 1,170 கிடைக்கும். சந்தாவில் மாதம் சில வெள்ளி குறைவு என்பதற்காக முதல் வகையை எடுத்தவர் பிறகு வருந்துவது இங்கேதான்.

ஆண்டுக்கு ஒன்று என்றால் எந்த ஆண்டு? காப்புறுதி ஆண்டு. ஏப்ரலில் தொடங்கிய காப்புறுதியில் மார்ச் மாதம் அறுவை சிகிச்சையும் ஏப்ரலில் தையல் பிரிப்பும் நடந்தால், பல திட்டங்களில் எக்ஸெஸ் மறுபடியும் ஒருமுறை பிடிக்கப்படும். இது ஏமாற்று வேலை அல்ல, பத்திரத்தில் எழுதியதுதான். ஆனால் யாரும் வாயால் சொல்வதில்லை. பிராணிக்கு வயதேறினால் உரிமையாளர் பங்கு கூடும் திட்டங்களும் உண்டு. பிரிட்டனில் நாய் எட்டு, ஒன்பது வயதைத் தாண்டியதும் எக்ஸெஸோடு 20 விழுக்காடு போலச் சேர்ப்பது சகஜம். ஆண்டுதோறும் வரும் புதுப்பிப்புக் கடிதத்தில் சந்தாவை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுபவர்களுக்கு இந்த மாற்றம் கண்ணில் படாது.

எக்ஸெஸை உயர்த்தி வைத்தால் சந்தா குறையும். கையில் ஆயிரம் வெள்ளி வரை தாங்கக்கூடிய குடும்பத்துக்கு அதுவே சரியான வழி. சின்னச் செலவைத் தானே பார்த்துக்கொண்டு, பெரிய அடிக்கு மட்டும் காப்புறுதியை வைத்துக்கொள்ளலாம். மாதக் கடைசியில் 200 வெள்ளிக்கே திண்டாடும் குடும்பம், சந்தா குறைகிறதே என்று அதே வழியில் போனால், ஆபத்து வரும்போது காப்புறுதி இருந்தும் பயன்படாது.

இழப்பீடு மறுக்கப்படுவதற்குப் பெரும்பாலும் எக்ஸெஸ் காரணமல்ல. 'முன்பே இருந்த நோய்' என்ற ஒரு வரிதான் காரணம். காப்புறுதி தொடங்குவதற்கு முன்போ, காத்திருப்புக் காலத்திலோ தென்பட்ட எந்தக் குறியையும் நிறுவனங்கள் ஏற்பதில்லை. காத்திருப்புக் காலம் நோய்க்கு இரண்டு வாரம், ஒரு மாதம் என்று திட்டத்துக்குத் திட்டம் மாறும். இங்கே கவனிக்கவேண்டிய சொல் 'குறி'. நோய்க்குப் பெயர் வைத்திருக்கவேண்டிய அவசியமில்லை. தடுப்பூசிக்குப் போன அன்று, "பின்னங்காலை லேசாக நொண்டுகிறது, டாக்டர்" என்று உரிமையாளர் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருப்பார். மருத்துவர் அதைக் குறிப்பேட்டில் எழுதியிருப்பார். இரண்டு மாதம் கழித்துக் காப்புறுதி எடுத்து, அடுத்த ஆண்டு முழங்கால் தசைநார் அறுந்து ஆயிரக்கணக்கில் ரசீது வந்தால், நிறுவனம் முதலில் கேட்டு வாங்குவது அந்தக் குறிப்பேட்டைத்தான். அந்த ஒரு வரி போதும், கோரிக்கை நின்றுவிடும்.

அதற்காக மருத்துவரிடம் எதையும் சொல்லாமல் மறைக்கலாமா? கூடாது. பிராணிக்கும் கெடுதல், விண்ணப்பத்திலும் பொய்யாகும். தெரிந்ததையும் தெரிந்திருக்கவேண்டியதையும் முழுமையாகச் சொல்லாவிட்டால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம் என்ற எச்சரிக்கை சிங்கப்பூர்க் காப்புறுதி விண்ணப்பங்களில் அச்சிடப்பட்டே இருக்கிறது. குட்டியாக இருக்கும்போதே, குறிப்பேடு வெறுமையாக இருக்கும்போதே காப்புறுதி எடுப்பதுதான் வழி. பல திட்டங்களில் சேர்வதற்கு வயது வரம்பும் உண்டு. பத்து வயது நாயை வைத்துக்கொண்டு இப்போது தேடுபவருக்குக் கதவு கிட்டத்தட்ட மூடியாகிவிட்டது. அவர் மாதாமாதம் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவருவது மேல்.

முழங்கால் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வலது காலில் வந்த கோளாறு பிறகு இடது காலிலும் வருவது நாய்களுக்கு அடிக்கடி நடப்பது. இரண்டு காலையும் ஒரே நோயாகக் கணக்கிடும் பத்திரங்கள் இருக்கின்றன. அதனால் எக்ஸெஸ் ஒன்றுதான் என்பது லாபம். உச்சவரம்பும் ஒன்றுதான் என்பது நட்டம். வலது கால் காப்புறுதிக்கு முன்பே கெட்டிருந்தால் இடது காலுக்கும் சல்லிக்காசு கிடைக்காது.

கோரிக்கை அனுப்பும்போது பணம் கட்டிய சீட்டு மட்டும் போதாது. எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் ரசீது, மருத்துவர் கையெழுத்திட்ட படிவம், பிராணியின் முழு மருத்துவக் குறிப்பு, மைக்ரோசிப் எண் ஆகியவை கேட்கப்படும். இதற்கெல்லாம் கெடு நாள் உண்டு. 30 நாளுக்குள் என்று எழுதியிருந்தால், நாய் குணமான பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக்கூடாது. முன்பு வேறொரு மருந்தகத்துக்குப் போயிருந்தால் அந்தக் குறிப்பும் வேண்டும். வீடு மாறியவர்கள் பழைய மருந்தகத்தில் இதை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. தடுப்பூசி, கருத்தடை, பல் சுத்தம் செய்தல் போன்றவற்றைப் பெரும்பாலான திட்டங்கள் ஏற்பதில்லை. அவற்றையும் ஒரே ரசீதில் கலந்து அனுப்பினால் தாமதம்தான் மிஞ்சும்.

மறுப்புக் கடிதம் வந்தால் கோபத்தில் கிழித்துப் போடாமல், எந்தப் பிரிவின்கீழ் மறுத்தார்கள் என்று எழுத்தில் கேட்க வேண்டும். நொண்டல் வேறு, தசைநார் அறுந்தது வேறு என்று மருத்துவர் கருதினால் அவரிடமே ஒரு கடிதம் வாங்கி இணைக்கலாம். எழுதிய மருத்துவரே விளக்கும்போது சில முடிவுகள் மாறுகின்றன. அப்படியும் நிறுவனம் அசையாவிட்டால், சிங்கப்பூரில் 'ஃபிட்ரெக்' எனப்படும் நிதித்துறைப் பூசல் தீர்வு நிலையம் 2005ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. முதலில் நிறுவனத்திடம் முறையிட்டு, இறுதிப் பதிலைப் பெற்றுக்கொண்டு அங்கே போகவேண்டும். சமரசப் பேச்சுக்குப் பயனீட்டாளரிடம் கட்டணம் வாங்குவதில்லை. பேச்சு முறிந்து நடுவர் விசாரணைக்குப் போனால் ஒரு சிறு தொகை கட்ட வேண்டியிருக்கும். வழக்கறிஞர் தேவையில்லை. காப்புறுதிப் பத்திரம், மறுப்புக் கடிதம், மருத்துவரின் குறிப்பு ஆகிய மூன்றையும் கையில் எடுத்துக்கொண்டு உரிமையாளரே போகலாம்.