சேர்ந்து பேசினால் மனம் தேறும்

காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் ஓடுகிறோம். மனம் நொந்தால் மட்டும், ஊர் என்ன சொல்லுமோ என்று மறைத்து வைக்கிறோம்.

1905-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் போஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் பிராட், வெளியூர் சென்று தங்கி மருத்துவம் பார்க்க வசதியற்ற காசநோயாளிகளை வாரந்தோறும் ஒன்றுகூட்டினார். ஓய்வு, தூய காற்று, நல்ல உணவு பற்றிச் சொல்லிக் கொடுத்தார். ஒருவருக்கு எடை கூடியதைக் கேட்டு மற்றவருக்கும் நம்பிக்கை பிறந்தது. குழுவாக மனச்சிகிச்சை செய்யும் முறைக்கு அதுவே முன்னோடி.

இன்று பயிற்சி பெற்ற ஒருவர் வழிநடத்த, ஏழெட்டுப் பேர் வட்டமாக அமர்ந்து பேசுகிறார்கள். அங்கே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. ‘எனக்கு மட்டுமா இந்தத் துன்பம்?’ என்ற எண்ணம் அங்கே கரைகிறது. குடியை விட முடியாமல் தவிப்பவருக்கும் இம்முறை உதவுகிறது.

நம் வீட்டில் ஒருவர் பேச்சற்று ஒடுங்கிக் கிடந்தால், பழிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.