பேரேட்டில் பேர் இருந்தவர்கள்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"தொழிலாளர் சட்டத்திலேயே முப்பது வருஷம் உழன்றவனாயிற்றே, ஏதாவது பேசு" என்று செயலாளர் சொல்லிவிட்டார். கொரோனாக் காலத்தில் வேலையும் கூலியும் போனவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த பணத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். போதுமா, போதாதா என்ற பட்டிமன்றம் வேண்டாம். யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யாருக்குச் சேரவில்லை என்பதுதான் விஷயம்.

2020 மார்ச் 25-ந் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு. அதற்கு முதல் நாளே தமிழக அரசு, அரிசி வாங்கும் ரேஷன் அட்டை ஒவ்வொன்றுக்கும் 1000 ரூபாய் என்று அறிவித்தது. நலவாரியத்தில் பதிவு செய்திருந்த கட்டுமானத் தொழிலாளர்களுக்கும் ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் அதற்கு மேல் ஓர் 1000. மத்திய அரசு, ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மாதம் 500 வீதம் மூன்று மாதம் போட்டது. 2021-ல் இரண்டாவது அலையின்போது, தமிழகத்தில் அட்டைக்கு 4000 ரூபாய் இரண்டு தவணையாக வந்தது. தொகை சின்னதுதான். ஒரு கொத்தனாருக்கு 1000 ரூபாய் என்பது இரண்டு நாள் கூலிகூடத் தேறாது. ஆனால் அடுப்பு எரியாத வீட்டில் அதுவும் பணம்தானே!

இப்போது கவனியுங்கள். ரேஷன் அட்டை, நலவாரிய அட்டை, ஜன்தன் கணக்கு. மூன்றும் ஊரடங்குக்கு முன்னாலேயே எங்கோ ஒரு பேரேட்டில் ஏறிய பெயர்கள். பசி வந்த பிறகு யாரும் பெயர் எழுத முடியவில்லை.

எங்கள் தெருவில் ஒரு சித்தாள் அம்மா இருக்கிறார். பதினோரு வருஷம் கல்லும் மண்ணும் சுமந்தவர். அவருடைய நாத்தனாரும் அதே வேலைதான், அதே மேஸ்திரிதான். நாத்தனாருக்கு 2000 வந்தது. இவருக்கு ரேஷன் அட்டைக்கு உண்டான 1000 மட்டும்தான். "அவ அன்னைக்கு லீவு போட்டு ஆபீசுக்குப் போனா சார், நான் கூலி போயிடும்னு போகல" என்றார். ஒரு நாள் கூலிக்காக விட்ட பதிவு அது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூலி கொடுத்தவர் ஒருவராவது "போய்ப் பதிஞ்சுட்டு வாம்மா, இன்னைக்குக் கூலி உண்டு" என்று சொல்லியிருக்க வேண்டும்.

பீகார், ஒரிசாவிலிருந்து வந்தவர்கள் நிலைமை இன்னும் மோசம். அட்டை சொந்த ஊரில், ஆள் திருப்பூரில். இங்கே கொடுத்த 1000 அவர்களுக்கு ஏது?

பணம் இல்லாமலா என்றால், அதுவும் இல்லை. இந்த அரங்கில் வீடு கட்டியவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். பிளான் பாஸ் பண்ணும்போது தொழிலாளர் நலவரி என்று 1 சதவீதம் கட்டிய ஞாபகம் இருக்கிறதா? 1996-ம் வருஷத்துச் சட்டப்படி வசூலான அந்த வரி, நாடு முழுவதும் சுமார் 52,000 கோடி ரூபாய் நிதியாக இருக்கிறது என்று 2020 மார்ச்சில் மத்திய அரசே சொன்னது. அதிலிருந்து தொழிலாளர் வங்கிக் கணக்கில் நேரே பணம் போடும்படி மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. பதிவானவர்கள் சுமார் 3.5 கோடிப் பேர் என்று கணக்கு. பதியாதவர் கட்டிய வீட்டுக்கும் நாம் வரி கட்டினோம். அந்தப் பணம் அவருக்கு மட்டும் கிடையாது!

மாதச் சம்பளக்காரர் கதையும் இதே ராகம்தான். இ.எஸ்.ஐ.யில் 2018-லேயே வேலையிழந்தோர் உதவித் திட்டம் ஒன்று வந்தது. சராசரிச் சம்பளத்தில் 25 சதவீதமாக இருந்த உதவியை 2020-ல் 50 சதவீதம் ஆக்கினார்கள். அதிகபட்சம் 90 நாளுக்கு. முதலாளி கையெழுத்துக்கு அலைய வேண்டாம், நேரே கிளை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம் என்றும் தளர்த்தினார்கள். நல்ல காரியம். ஆனால் இரண்டு வருஷமாவது காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். "இ.எஸ்.ஐ. பிடிக்காதீங்க சார், கையில கொடுத்துடுங்க" என்று கேட்ட பையன்களும், அதுதான் சௌகரியம் என்று தலையாட்டிய முதலாளிகளும் எத்தனை பேர்! பி.எஃப்.பில் மூன்று மாதச் சம்பளம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று 2020-ல் அனுமதித்ததைச் சிலர் நிவாரணம் என்கிறார்கள். அது தொழிலாளியின் சொந்தக் காசு, ஐயா. நிவாரணக் கணக்கில் அதைச் சேர்ப்பது நியாயம் இல்லை.

வெள்ளைக்காரன் தாராளமாகக் கொடுத்தானே என்பீர்கள். வாஸ்தவம். பிரிட்டனில் வேலையில்லாமல் வீட்டில் இருத்தப்பட்டவருக்குச் சம்பளத்தில் 80 சதவீதம் வரை, மாதம் 2,500 பவுண்டுக்கு மிகாமல், 2021 செப்டம்பர் முடிய அரசாங்கம் கொடுத்தது. 1 கோடியே 17 லட்சம் வேலைகள் அதில் அடங்கின. செலவு சுமார் 7,000 கோடி பவுண்டு. அவ்வளவு சீக்கிரம் எப்படிக் கொடுக்க முடிந்தது? முதலாளிகள் சம்பளக் கணக்கை வரி இலாகாவுக்கு அவ்வப்போது அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். பேரேடு தயாராக இருந்தது. அங்கேயும் 2020 மார்ச் 19-க்குள் அந்தக் கணக்கில் ஏறாத புது வேலைக்காரர் வெளியே நின்றார். பணக்கார நாட்டுக்கும் இதே விதிதான்.

2021 ஆகஸ்டில் இ-ஷ்ரம் என்று அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு ஒரு தேசியப் பதிவேடு தொடங்கினார்கள். கோடிக்கணக்கில் பெயர் ஏறியிருக்கிறது. அலை ஓய்ந்த பிறகு கட்டிய கரை என்று நான் கேலி செய்ய மாட்டேன். அடுத்த அலைக்கு உதவும். ஆனால் பெயர் ஏறினால் மட்டும் பணம் வந்துவிடாது. நலவாரியப் பதிவும் தனியாக இருக்க வேண்டும், அதைக் காலத்தில் புதுப்பிக்கவும் வேண்டும்.

நம்மிடையே வழக்கறிஞர், ஆடிட்டர், என்ஜினீயர், கான்ட்ராக்டர் எல்லோரும் இருக்கிறார்கள். இன்று நமக்குச் சாப்பாடு போடுகிற விடுதிச் சமையல்காரர்கள், இந்தப் பந்தலைப் போட்டவர்கள், நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாக்கள் (வீட்டுப் பணியாளருக்கும் தமிழ்நாட்டில் வாரியம் உண்டு) இவர்களில் எத்தனை பேரிடம் அட்டை இருக்கிறது? சங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் பழைய வகுப்பறை ஒன்றில் நாலு மேஜை போட்டு உட்காரட்டும். மனுவைப் பூர்த்தி செய்து கொடுக்க நான் வருகிறேன். அன்று வருகிறவர்களுக்கு ஒரு நாள் கூலியைச் சங்க நிதியிலிருந்து கொடுக்க வேண்டும் என்பதைப் பொருளாளரிடம் இப்போதே சொல்லி வைக்கிறேன்.